நோட்டில் இல்லாத கட்டம்

மார்ச் 2, திங்கள்

கடவுள் துணை.

தம்பிக்கு அக்கா எழுதுவது.

போன வருடம் ஜனவரி ஒன்பதாம் தேதி, புது மெஷின் நம் போட்டோகாப்பி கடையில் இறங்கிய அன்று அங்கே இருந்தவர்கள்: உன் அத்தான், நான், நீ, நீ வேலைபார்க்கிற மெஷின் கம்பெனி வண்டியில் வந்த சுமைக்காரர் இரண்டு பேர், எதிரே விண்ணப்ப அலுவலகத்தில் முத்திரை குத்துகிற அம்மாள். ஆக ஆறு பேர். அந்த ஆறு பேர் முன்னால் நீ சொன்ன வார்த்தை இது: "அக்கா, கண்ண மூடிக்கிட்டு எடு. பழசவிடப் பக்கத்துக்கு நாலு காசு குறையும்." அன்றைக்கே தேதி போட்டு எழுதிவைத்துவிட்டேன். முத்திரை அம்மாள், "தம்பி கெடைச்சா இப்படிக் கெடைக்கணும்" என்றார். அதையும் எழுதிவைத்தேன்.

இரண்டு மாதமாக என் போனை நீ எடுப்பதில்லை. எடுத்த அன்றும் பாதியில் வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பெருக்கலும் வகுத்தலும் மளிகைச் சீட்டில் நானாகக் கற்றது. தப்பு இருந்தால் திருத்து. தினமும் கடை மூடியதும் உன் அத்தான் மீட்டர் எண்ணைச் சொல்லுவார், நான் பிரார்த்தனைக்கு உட்காருமுன் எழுதிவிடுவேன். அந்தப்படி, புது மெஷினில் ஒரு பக்கத்துக்குக் காகிதம் பதினெட்டு காசு, டோனர் மை இருபத்தொன்று, டிரம் யூனிட் என்று நீ சொல்லி மூன்று தடவை வாங்கிய பெட்டி ஒன்பது, சர்வீஸ் நான்கு, மின்சாரம் இரண்டு. மொத்தம் ஐம்பத்து நான்கு. மாதத் தவணை இதில் இல்லை. நாம் வாங்குவது பக்கத்துக்கு ஐம்பது. ஏற்றலாம் என்றால் பக்கத்துத் தெருப் புத்தகக் கடைக்காரர் ஐம்பதுக்கே எடுக்கிறார்.

பழைய மெஷினில் காகிதம் அதே பதினெட்டு, டோனர் ஏழு, மின்சாரம் ஐந்து, பிளேடு அது இது என்று ஒன்று. மொத்தம் முப்பத்தொன்று.

ஒரு டோனர் பெட்டி பதினைந்தாயிரம் பக்கம் வரும் என்றாய். வந்தது ஆறாயிரத்து நூறு. உள்ளே இன்னும் குலுங்குகிறது, ஆனால் மெஷின் தீர்ந்துவிட்டது என்று சிவப்பு விளக்குப் போட்டுக்கொண்டு நின்றுவிடுகிறது. மெஷினா மாப்பிள்ளையா தெரியவில்லை. வேகத்தைக் குறை சொல்லமாட்டேன். பழையது நிமிடத்துக்கு இருபத்திரண்டு, இது முப்பத்தைந்து. ஆனால் நம் கடைக்கு யார் முப்பத்தைந்து பக்கம் கொண்டுவருகிறார்கள்? எதிர் அலுவலகத்து வரிசையிலிருந்து ஒரு சான்றிதழைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள். அதற்குள் இது தூங்கிப்போயிருக்கும். எழுப்பினால் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா சுற்றும். அந்தச் சுற்றலுக்கும் மீட்டர் இல்லாமல் எதுவோ தேய்கிறது.

மூன்று தவணை நின்றுபோயிற்று. வரும் இருபதாம் தேதி மெஷினைத் தூக்க ஆள் வரும் என்று உன் கம்பெனி எழுதிவிட்டது. தூக்கினால் கடை இல்லை. கடை இல்லை என்றால் இந்த வீட்டில் வேறு வருமானம் இல்லை. உன் அத்தானுக்கு ஐம்பத்தொன்பது. இந்த வயதில் யாரிடம் போய் வேலை கேட்பார்? இப்போதே யாரும் வராத கடையில் உட்கார்ந்து மெஷின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். பழைய மெஷின் பின்னறையில் தார்ப்பாய்க்குள் இருக்கிறது. யாரும் வாங்கவில்லை. இருபதாம் தேதிக்குள் உன் ரிப்பேர்க் கைப்பையோடு வந்து அதை ஓட வைத்துக் கொடு. புதியதைக் கொண்டுபோகட்டும். முப்பத்தொரு காசுக்கு ஓடினால் நாங்கள் பிழைத்துக்கொள்வோம்.

அக்கா

---

மார்ச் 7, சனி

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. என் வீட்டுக்காரிதான் பிரித்தாள். வக்கீல் நோட்டீஸ் என்று பயந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஆறு பேர் சாட்சி. சுமைக்காரர்களுக்கு அப்பா பெயர் மட்டும்தான் விட்டுப்போயிருக்கிறது.

நீ போட்ட கணக்கில் கூட்டல் தப்பு இல்லை. உன் கூட்டலில் என்றைக்குத் தப்பு இருந்தது? ஆனால் மெஷினைப் பற்றித் தெரியாமல் எழுதியிருக்கிறாய். பதினைந்தாயிரம் என்பது கம்பெனி புத்தகத்தில் அச்சடித்த எண். ஒரு தாளில் இருபதில் ஒரு பங்குதான் கருப்பு, மீதி வெள்ளை என்று வைத்துக்கொண்டு போட்டது. உங்கள் கடையில் எடுப்பது என்ன? அடையாள அட்டை, முத்திரை, கைரேகை. எல்லாம் கருப்பு. அத்தான் பதிவேட்டை வைத்தால் மூடியைத் திறந்தபடியே பொத்தானை அழுத்துகிறார். ஓரமெல்லாம் தார் ரோடு மாதிரி வருகிறது. ஒரு தடவை சொன்னேன், "மூடி மூடினா முதுகு ஒடஞ்சிடும்டா, பதிவேட்டுக்கு" என்றார். இரண்டு பக்கமும் எடுத்தால் காகிதம் மிச்சமாகும், அதையும் யாரும் செய்வதில்லை. இதற்கெல்லாம் நான் என்ன செய்ய?

நான் சர்வீஸிலிருந்து விற்பனைக்கு மாறி மூன்று வருடம் ஆகிறது. கைப்பை என்னிடம் இல்லை. மாதம் நான்கு மெஷின் விற்காவிட்டால் என்னையும் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். இரண்டு பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டுகிறேன். தவணையை நிறுத்திவைக்கச் சொல்லி மேனேஜரிடம் போய் நின்றேன். "ஒங்க அக்காதான? நீங்களே கட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பழையதை மறந்துவிடு. அது ஓடாது. முப்பத்தொரு காசு முப்பத்தொரு காசு என்று இனி எழுதாதே. பதினோரு வருடம் அந்த மெஷின் காற்றிலா ஓடியது? டிரம் என்று ஒரு கட்டமே உன் நோட்டில் கிடையாது. அது இல்லாமல் என்ன கணக்கு போட்டு என்ன.

தம்பி

---

மார்ச் 10, செவ்வாய்

கடவுள் துணை.

தம்பிக்கு,

கடைசி நான்கு வரி நீ கோபத்தில் எழுதியது என்று தெரிகிறது. கோபம் இல்லாவிட்டால் எழுதியிருக்கமாட்டாய். அந்த நான்கு வரியோடு நேற்றிலிருந்து இருக்கிறேன்.

நோட்டு பதினொன்றையும் பெட்டியிலிருந்து இறக்கினேன். நீ சொன்னது சரி. பழைய மெஷினுக்கு டிரம் வாங்கியதாக ஒரு வரி இல்லை. நூல்கண்டு வாங்கியதுகூட இருக்கிறது.

உன் அத்தானிடம், "டிரம்னா எதுங்க?" என்று கேட்டேன். தார்ப்பாயை விலக்கிக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே பச்சையாகப் பளபளவென்று ஒரு உருளை. அதன் மேல்தான் முதலில் எழுத்து விழுமாம், அப்புறம்தான் தாளுக்கு வருமாம்.

"இது தேயுமா?"

"தேயும்."

"எத்தன பக்கத்துக்கு?"

அவர் கடைக்குப் போய்க் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

மெஷின் கதவின் உட்பக்கம் ஒரு பையில் கையேடு இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். எண் எந்த மொழியிலும் எண்தான். எண்பதாயிரம் பக்கத்துக்கு ஒருமுறை டிரம்மை மாற்ற வேண்டும் என்று இருக்கிறது. மீட்டரில் இருப்பது பதினான்கு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து இருநூறு. வகுத்தால் பதினேழு, மீதி எழுபத்தெட்டாயிரத்து இருநூறு. ஆக, பதினேழு முறை மாற்றியிருக்கிறது. இப்போது உள்ளே இருப்பதும் முடிந்துபோயிற்று. நடுவில் கருப்புக் கோடு விழுவது அதனால்தான்.

பிறகு நோட்டுகளைத் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். தாள் மங்கலாக வரும்போதெல்லாம் நான் கும்பிட்டுக்கொண்டு உனக்குச் சொல்லி அனுப்புவேன். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பையோடு வருவாய். கடைக்குள் உன் அத்தானோடு கதவைச் சாத்திக்கொள்வாய். "தூசு அக்கா, நீ உள்ள வராத" என்பாய். நான் உனக்குச் சமைத்துக்கொண்டிருப்பேன். அன்றைய வரி எல்லா நோட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறது: "தம்பி வந்தான். மெஷின் தெளிந்தது. செலவு இல்லை. எல்லாம் அவன் அருள்."

எண்ணிப் பார்த்தேன். பதினேழு.

அவன் அருள் என்று நான் எழுதியது கடவுளை. நீ படித்திருந்தால் உன்னை என்று நினைத்திருப்பாய்.

அந்த டிரம்கள் எங்கிருந்து வந்தன? விலை கொடுத்து வாங்கினாயா? உன் சம்பளத்தில் வாங்கியிருந்தால் வட்டியோடு திருப்பவேண்டியவள் நான். வேறு விதமாக வந்திருந்தால் அதையும் எழுது. தேதி வாரியாக வேண்டாம். உண்மையாக எழுது.

அக்கா

---

மார்ச் 13, வெள்ளி

அக்கா,

வாங்கவில்லை.

ஒரு டிரம் பன்னிரண்டாயிரம். என் அப்போதைய சம்பளத்தில் முக்கால்வாசி. அதை வாங்கிக் கொடுக்கிற அளவுக்கு நான் எப்போது இருந்தேன்? அத்தானுக்குப் பழைய வேலை போய், உன் வளையலை விற்று அந்த மெஷினை வாங்கினீர்கள். எட்டாவது மாதமே முதல் டிரம் போயிற்று. உன்னிடம் பன்னிரண்டாயிரம் கேட்டிருந்தால் அன்றைக்கே கடையை மூடியிருப்பாய். கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முதலில் கம்பெனி ஒப்பந்தத்தில் இருக்கிற பெரிய ஆபீஸ்களின் பேரில் சீட்டுப் போட்டு எடுத்தேன். அங்கே மாற்றியதாக எழுதிவிட்டு உன் மெஷினில் போட்டேன். அப்புறம் சீட்டும் போடவில்லை. கம்பெனி ஸ்டோர் பொறுப்பில் குட்டைப்பென்சில் என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருவர் இருந்தார், நினைவிருக்கிறதா, ஒருதரம் உன் வீட்டில் சாப்பிட்டார். மதியம் சாப்பிடப் போகும்போது சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். "நீ இருக்கப்ப எனக்கு என்னப்பா" என்பார். அவ்வளவுதான் வேலை.

மூன்று வருடம் முன்னால் கணக்கெடுத்தார்கள். டிரம் பதினொன்று குறைந்தது. சாவி அவரிடம், பதிவேடு அவர் கையெழுத்து. இரண்டு நாள் விசாரித்தார்கள். அந்த இரண்டு நாளும் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வேலையை விட்டு அனுப்பினார்கள், பணமும் தரவில்லை. அப்புறம் ஸ்டோருக்கு இரட்டைப் பூட்டு. நான் கேட்டு விற்பனைக்கு மாறினேன். அங்கே சாவி கிடையாது.

வீட்டில் நான்கு பதுக்கியிருந்தேன். மூன்றை உனக்குப் போட்டேன். ஒன்று கட்டிலுக்கடியில் இருக்கிறது. பழையதில் அதைப் போட்டு முடித்தால் பிறகு வழியில்லை என்றுதான் புதிய மெஷினை உன் தலையில் கட்டினேன். நாலு காசு குறையும் என்று சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை. டிரம்மைச் சேர்த்த பழைய கணக்கு என் மனசில் இருந்தது. உன் நோட்டில் இருந்த கணக்கு வேறு.

அந்தக் கடைசி டிரம்மை அனுப்பிவிடுகிறேன். அத்தானுக்குப் போடத் தெரியும், பக்கத்தில் நின்று எத்தனை தடவை பார்த்திருக்கிறார். இன்னும் எண்பதாயிரம் பக்கம் ஓடும். எட்டு ஒன்பது மாதம். அதற்குள் ஏதாவது வழி பார்க்கலாம்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

தம்பி

---

மார்ச் 16, திங்கள்

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். கடைப்பலகையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் பதினேழு டிரம் என்று சொன்னபோது, தலையைத் தூக்காமல், "பதினேழு இல்ல. பத்தொம்பது. ரெண்டு வந்தப்பவே கீறல்" என்றார்.

கடிதத்தை மடித்துவிட்டு அவரைக் கேட்டேன்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"மூணாவது டிரம்முலயே தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சாமி முன்னாடி போய் உக்காந்துக்குவ. எந்திரிச்சு வந்து மெஷின நிறுத்துன்னுவ. அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. நிறுத்தியிருப்பேன். ஆனால் பதினோரு வருடம் தினமும் மீட்டர் எண்ணைச் சொல்லி என்னை எழுதவைத்தாரே, அப்போது அவர் முகத்தில் எதுவும் இருந்ததில்லை. நான் எழுதி முடித்து "சரியா?" என்று கேட்பேன். "சரி" என்பார்.

குட்டைப்பென்சிலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காதில் விரல் நீளப் பென்சில். இரண்டாம் தடவை சோறு வேண்டாம் என்றார், வற்புறுத்தியதும் சாப்பிட்டார். அலமாரியில் என் நோட்டைப் பார்த்துவிட்டு எடுத்துப் புரட்டினார். "எங்க ஸ்டோர்லகூட இப்படி இல்லம்மா, ஒரு அடித்தல் திருத்தல் இல்ல" என்றார். எனக்கு ஒருமாதம் சந்தோஷம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீ ரசம் குடித்துக்கொண்டிருந்தாய்.

இரவல் இல்லாத கணக்கை இப்போது போட்டேன். பழைய மெஷின் முப்பத்தொன்று. டிரம்முக்குப் பதினைந்து. டிரம்மில் மை பிடிக்க நடுநடுவே நீ கொட்டிய டெவலப்பர் பொடிக்கு நான்கு என்று உன் அத்தான் சொல்கிறார். நீ வந்துபோன கூலியும் வண்டிச் செலவும் குறைத்துப் போட்டாலும் மூன்று. மொத்தம் ஐம்பத்து மூன்று. புது மெஷின் ஐம்பத்து நான்கு.

ஒரு காசுதான் வித்தியாசம். இரண்டிலும் நாம் வாங்குவது ஐம்பது. இதில் கடை வாடகையை நான் சேர்க்கவே இல்லை. பழசா புதுசா என்று உன்னோடு எதற்குச் சண்டை போட்டேன்? இந்தக் கடை ஒரு நாளும் தன் காலில் நிற்கவில்லை. நாங்கள் சாப்பிட்டது அந்த மனிதருடைய சம்பளத்தை. சாப்பிடுமுன் நான் கண்ணை மூடி நன்றி சொன்னேன். யாருக்குச் சொன்னேன் என்று இப்போது தெரியவில்லை. இரண்டு நாளாகப் பிரார்த்தனைக்கு உட்காருகிறேன், ஒரு வார்த்தையும் வரவில்லை. எழுந்துவிடுகிறேன்.

அந்த டிரம்மை அனுப்பாதே.

அக்கா

---

மார்ச் 17, செவ்வாய்

அக்கா,

உன் கடிதம் எப்போது வருமோ தெரியாது. நீ என்ன எழுதியிருப்பாய் என்று தெரியும். அதனால்தான் காத்திருக்கவில்லை. டிரம்மை இன்று பஸ் பார்சலில் போட்டுவிட்டேன். பத்தொன்பதாம் தேதி காலை வரும்.

கருப்புத் தாளில் சுற்றியிருக்கிறது. பிரிக்காதே. வெளிச்சம் பட்டால் அது செத்துப்போகும், வெயிலில் கால்மணி நேரம் போதும். அத்தானிடம் அப்படியே கொடு, கடைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் போடட்டும். எண் ஒட்டிய பெட்டியை நான் எரித்துவிட்டேன். டிரம்மின் ஓரத்தில் மட்டும் எண் பொறித்திருக்கும், மெஷினுக்குள் போய்விட்டால் யாரும் பார்க்க முடியாது.

நடந்தது நடந்துவிட்டது. குட்டைப்பென்சிலுக்கு நாம் இப்போது என்ன செய்தாலும் போன மூன்று வருடம் திரும்பாது. உங்கள் இரண்டு பேருக்காவது சாப்பாடு நிற்காமல் இருக்கட்டும். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இது ஒன்றுக்காவது கணக்குப் பார்க்காதே.

தம்பி

---

மார்ச் 21, சனி

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நேற்று மதியம் பன்னிரண்டே காலுக்குக் கடையில் இருந்தவர்கள்: உன் அத்தான், நான், உன் கம்பெனியிலிருந்து வந்த ஆள் ஒருவர், போன வருடம் வந்த அதே சுமைக்காரர் இரண்டு பேர், எதிர் அலுவலகத்து முத்திரை அம்மாள். ஆறு பேர். உன் இடத்தில் கம்பெனி ஆள். முத்திரை அம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இனி காப்பிக்கு அந்தத் தெருவுக்குத்தான் போவணும்" என்று யாரிடமோ போல் சொல்லிவிட்டுப் போனார். சுமைக்காரர் ஒருவர் மட்டும், "எறக்குன கையாலயே ஏத்துறோம், மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்றார். கடைசி மீட்டர் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது. எழுதிக்கொண்டேன்.

பார்சல் முந்தின நாளே வந்துவிட்டது. அதோடு வந்த உன் கடிதத்தை முழுதும் படித்தேன். படித்த பிறகுதான் பிரித்தேன்.

உன் அத்தான் குளிக்கப் போயிருந்தார். ஜன்னலடியில் வெயில் விழுகிற இடத்தில் ஒரு துணியை விரித்து, கருப்புத் தாளை மடிப்பு மடிப்பாகப் பிரித்து, டிரம்மை வைத்தேன். அவ்வளவு அழகாக ஒரு பொருள் இந்த வீட்டுக்கு வந்ததில்லை. ஓரத்தில் எண் இருந்தது. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதினேன்: இரண்டு, ஏழு, பூஜ்யம், நான்கு, ஒன்று, எட்டு. குட்டைப்பென்சிலின் பதிவேட்டில் அவர் கையால் எழுதிய வரிகளில் இந்த எண் இருக்கும். காணாமல்போன பதினொன்றில் இது ஒன்று. அவர் எடுக்கவில்லை என்று காட்ட என் கையில் இருக்கிற பொருள் இதுதான்.

இருட்டறையில் ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டும் எண்ணைப் பார்த்திருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் போடத்தக்க டிரம் ஒன்றை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் என்னால் ஒரு வாரம் தாங்க முடியாது. அரிசி டப்பாவில் கை விடும்போது எனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். அதனால் வெயிலிலேயே விட்டேன். கால்மணி நேரம் என்றாய். அரைமணி நேரம் விட்டேன்.

உன் அத்தான் துண்டோடு வந்து நின்றார். பச்சை உருளையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"வெளிச்சத்துல வெச்சிட்டியா?"

"வெச்சிட்டேன்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்."

துண்டை எடுத்து டிரம்மின் மேல் போட்டார், குழந்தைக்குப் போடுவது போல. போட்டு என்ன பயன் என்று அவருக்கே தெரியும். "இனிமே எங்கிட்ட எந்த நம்பரும் கேக்காத" என்றார்.  இன்றும் காலையில் வழக்கமான நேரத்துக்குக் கடையைத் திறந்துவிட்டு, மெஷின் இருந்த இடத்தில் தரையில் நான்கு சக்கரத் தடம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒருவர் சான்றிதழோடு ஓடிவந்தார். "மெஷின் ரிப்பேரு" என்று சொல்லி அனுப்பினார். வாடகை முப்பத்தொன்றாம் தேதி வரைக்கும் இருக்கிறது. அதுவரை இப்படிச் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதவும் மனசில்லை.

நான் செய்தது சரி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிரார்த்தனையில் கேட்டேன், பதில் இல்லை. நீ வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்படியில் நின்றபடி நான் பாடிக்கொண்டிருப்பேனே, அதுகூட இப்போது பாதி வரிக்கு மேல் வரவில்லை.

குட்டைப்பென்சிலுக்கு ஒரு கடிதம் எழுதிவைத்திருக்கிறேன். எண், தேதி, பத்தொன்பது டிரம், பதினான்கு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து இருநூறு பக்கம், என் நோட்டுகளின் பதினேழு வரி, எல்லாம் இருக்கிறது. உன் பெயர் இல்லாமல் எழுத முடியுமா என்று நான்கு தாள் வீணாக்கினேன். முடியவில்லை. உன் பெயர் இருக்கிறது. உன் அத்தான் பெயரும், என் பெயரும் இருக்கிறது. உன் இரண்டு பெண்பிள்ளைகளின் முகம் கண்ணில் நின்றுகொண்டேதான் எழுதினேன். அவர் வீட்டிலும் பிள்ளைகள் உண்டா என்று அன்றைக்குச் சாப்பாடு போடும்போது நான் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் அவரிடம் போவதற்கு முன்னால் நீயே போய்ச் சொல்லிவிட்டால், நான் இதைத் தபாலில் போடமாட்டேன். அதற்காக ஒரு வாரம் வைத்திருக்கிறேன். டிரம்மும் அவருக்குத்தான். துண்டோடு கட்டிவைத்திருக்கிறேன்.

உறையின் மேல் முகவரி மட்டும் காலியாக இருக்கிறது. அவர் இப்போது எங்கே இருக்கிறார்? தெரு, கதவு எண் தெளிவாக எழுது. சீக்கிரம் பதில் போடு.

அக்கா